எந்த ஓவன் வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான் முடிகின்றன. கம்பெனி பெயர் எதுவும் இந்தப் பதில்களில் வராது. உங்கள் கேக் டின் உள்ளே நுழையுமா, வீட்டு ஒயர் தாங்குமா, நீங்கள் திருகி வைக்கும் டிகிரி உள்ளே உண்மையிலேயே வருகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கம்பெனி தானாகவே இரண்டு மூன்றில் வந்து நின்றுவிடும்.

பழைய மைக்ரோவேவ் பழுதாகிவிட்டது. கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வாங்கினால் சாம்பாரும் சூடு பண்ணலாம், கேக்கும் செய்யலாம் என்கிறார் கடைக்காரர். மகளோ ஓடிஜிதான் வேண்டும் என்கிறாள். — வாசகி, மதுரை

மகள் மாதத்தில் மூன்று நான்கு முறையாவது பேக் செய்வார் என்றால் நான் மகள் பக்கம். ஓடிஜி என்றால் ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சாரப் பெட்டி.

மைக்ரோவேவ் அலை முக்கியமாக உணவிலுள்ள தண்ணீரைத்தான் சூடாக்குகிறது. ஈரம் இருக்கும்வரை உணவின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. கேக்கின் மேல்பக்கம் பொன்னிறமாகவும் பிஸ்கட் மொறுமொறுவென்றும் வர அதைவிட நல்ல சூடு, அதுவும் காய்ந்த சூடு வேண்டும். அதற்காகத்தான் கன்வெக்‌ஷன் மாடலில் தனியாக ஒரு ஹீட்டரும் ஃபேனும் வைக்கிறார்கள். அந்த ஹீட்டர் பெரும்பாலும் மேலேயோ பின்னாலோ இருக்கும், கீழே இருக்காது. அதனால் ஸ்பாஞ்ச் கேக் நன்றாகவே வரும். பீட்சா, பன், பிரெட் எல்லாம் மேலே சிவந்து அடியில் வெளுத்து நிற்கும். சுற்றும் கண்ணாடித் தட்டில் சதுர டின் வைத்தால் மூலை இடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான். கேக் வேகும் முக்கால் மணி நேரமும் வீட்டில் யாரும் பால் சூடு பண்ண முடியாது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

ஓடிஜியில் மேலும் கீழும் சூடேற்றும் ராடு இருக்கும். எதைப் போடுவது, எதை அணைப்பது என்பது உங்கள் கையில். ஆனால் அதில் நேற்றைய குழம்பைச் சூடாக்க நினைத்தால் பொறுமை போய்விடும்.

மேடையில் இடம் இருந்தால் 20 லிட்டர் சாதாரண மைக்ரோவேவ் ஒன்று, நடுத்தர ஓடிஜி ஒன்று என்று வாங்கிவிடுங்கள். இரண்டின் விலையையும் கூட்டி, பெரிய கன்வெக்‌ஷன் மாடலின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இடம் என்றால் கன்வெக்‌ஷனே சரி. அப்படி வாங்கினால் ஒரு எச்சரிக்கை: அலுமினிய டின்னைக் கன்வெக்‌ஷன் மோடில் மட்டும்தான் வைக்க வேண்டும். மைக்ரோவேவ் மோடிலும் இரண்டும் கலந்த காம்பினேஷன் மோடிலும் உலோகம் கூடாது.

வாடகை வீடு. சமையலறையில் மிக்சி போடும் சின்ன பிளக் பாயின்ட் மட்டும்தான் இருக்கிறது. கன்வெர்ட்டர் பிளக் போட்டு ஓடிஜி ஓட்டலாமா? — வாசகர், திருச்சி

ஓட்டாதீர்கள்.

சின்ன பாயின்ட் 6 ஆம்பியர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1380 வாட். அதுதான் அந்தப் பாயின்ட்டின் எல்லை. 28 லிட்டர் ஓடிஜி ஏறக்குறைய 1500 வாட் இழுக்கும். பெரியவை 2000 வரை போகும். மிக்சி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும், ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் இழுக்கும். கன்வெர்ட்டர் பிளக் முள்ளின் அளவைத்தான் மாற்றுகிறது, சுவருக்குள் போகும் ஒயரின் தடிமனை மாற்றுவதில்லை. முதலில் பிளக் சுடும், பிறகு பிளாஸ்டிக் பழுப்பாகும், அதற்குப் பிறகுதான் வாசனை வரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே பதில்தான்.

ஃபிரிட்ஜுக்கோ வாஷிங் மெஷினுக்கோ 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வாஷிங் மெஷின் ஓடாத நேரத்தில் அந்தப் பாயின்ட்டை ஓவனுக்குக் கொடுக்கலாம். ஓவன் சமையலறையில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அதுவும் இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து 2.5 அல்லது 4 ஸ்கொயர் எம்எம் ஒயரில் ஒரு பாயின்ட் இழுக்கச் சொல்லுங்கள். எர்த் கட்டாயம். இதற்கெல்லாம் வழியே இல்லை என்றால் 1200 வாட்டுக்குள் வரும் சின்ன ஓடிஜி வாங்கலாம். அதில் 6 அங்குல கேக்கும் ஒரு தட்டு பிஸ்கட்டும் செய்யலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை லிட்டர்? — வாசகி, சேலம்

லிட்டரை மறந்துவிட்டு கடைக்கு டேப் எடுத்துப் போங்கள். முடிந்தால் உங்கள் கேக் டின்னையே பையில் போட்டுக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே லிட்டரில் ஒரு மாடல் அகலமாக இருக்கும், இன்னொன்று உயரமாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது அகலமும் ஆழமும். 8 அங்குல டின் 20 சென்டிமீட்டர். சூடு சுற்றிவர நாலு பக்கமும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆகவே உள்ளே 30 சென்டிமீட்டர் ஆழம் இல்லாத ஓவனில் 8 அங்குல கேக் ஒரு பக்கம் கருகும். இந்தக் கணக்குக்குப் பெரும்பாலும் 28 முதல் 35 லிட்டர் வரை ஒத்துவரும். கதவைத் திறந்து கம்பித் தட்டை மூன்று நிலைகளிலும் போட்டுப் பாருங்கள். நடு நிலையில் டின்னை வைத்தால் மேல் ராடுக்கும் டின் விளிம்புக்கும் நடுவே கேக் எழும்ப இடம் இருக்க வேண்டும்.

தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் செய்யப் பார்க்கிறேன். வெளியே பழுப்பாகிவிடுகிறது, உள்ளே பிசுபிசுப்பு. ஓவனை மாற்றினால் சரியாகுமா? — வாசகி, நாகர்கோவில்

ஆகலாம். மக்ரூனை வேக வைப்பதில்லை, காய வைக்கிறோம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள் மூன்றே பொருள். சர்க்கரை நிறம் மாறுவதற்கு முன்னால் ஈரம் வெளியே போய்விட வேண்டும். அதற்கு 100 முதல் 110 டிகிரி வரை, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சிக்கல் இங்கேதான்: 180இல் நாணயமாக நடந்துகொள்ளும் ஓடிஜிகூட 100இல் ஏமாற்றும். 100 என்று வைத்தால் உள்ளே 130 இருக்கும். உங்களுக்கு நடப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

புதிதாக வாங்குவதற்கு முன் இப்போதிருக்கும் ஓவனில் கீழ் ராடை மட்டும் போட்டு, இருப்பதிலேயே குறைந்த டிகிரியில் வைத்து, கதவிடுக்கில் ஒரு மரக் கரண்டியின் காம்பைச் செருகிப் பாருங்கள். சூடும் குறையும், ஈரமும் வெளியேறும். அணைத்த பிறகும் ஓவன் முழுக்க ஆறும்வரை மக்ரூனை உள்ளேயே விடுங்கள். அப்படியும் வராவிட்டால் புதியது வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: டயல் 100க்குக் கீழிருந்து தொடங்க வேண்டும், ஃபேன் இருக்க வேண்டும். கடலோர ஊரில் இதற்கெல்லாம் பிறகும் டப்பாவை இறுக்கி மூடாவிட்டால் மறுநாளே நமத்துவிடும். அதற்கு எந்த ஓவனும் பொறுப்பேற்காது.

சென்னையில் புது ஃபிளாட், மாடுலர் கிச்சன் போடுகிறோம். டிசைனர் பில்ட்-இன் ஓவனுக்கு இடம் விடச் சொல்கிறார். வைக்கலாமா?

எனக்குத் தெரிந்த பல வீடுகளில் பில்ட்-இன் ஓவனுக்குள் தோசைக்கல்லும் வாணலியும்தான் குடியிருக்கின்றன. மாதம் ஒரு கேக் செய்பவர்களுக்கு 65, 70 லிட்டர் பெட்டி எதற்கு? அது சூடேறவே நேரமும் கரண்டும் தின்னும்.

வாரம் இரண்டு மூன்று முறை பேக் செய்கிறவராகவோ, ஆர்டர் எடுப்பவராகவோ இருந்தால் கதையே வேறு. முழு அகலத் தட்டு, இரண்டு அடுக்கில் பிஸ்கட், சூட்டில் ஏற்ற இறக்கம் குறைவு, கதவில் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி. ஒரு முறை இதில் பழகிய கைக்கு ஓடிஜி பிடிக்காது.

வைப்பதாக முடிவெடுத்தால் மரவேலைக்கு முன்பே மாடலைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். முகப்பு 60 சென்டிமீட்டர் என்பது பொதுவான அளவு. ஆனால் உள்ளே விட வேண்டிய குழியின் உயரமும் ஆழமும் மாடலுக்கு மாடல் மாறும். ஓவனோடு வரும் படத்தை ஆசாரியிடம் கொடுத்து அதன்படி அறுக்கச் சொல்லுங்கள். பின்பலகையை முழுதாக அடைத்துவிட்டால் சூடு போக வழியில்லாமல் பலகை உப்பும். இவை 2500 முதல் 3500 வாட் வரை இழுப்பவை. தனி ஒயர், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். பிளக் பாயின்ட் ஓவனுக்கு நேர் பின்னால் வரக்கூடாது, பக்கத்து அலமாரிக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் ஓவன் முழுதாக உள்ளே போகாமல் இரண்டு விரல் அகலம் துருத்திக்கொண்டு நிற்கும். அடுப்புக்குக் கீழே வைப்பதைவிட இடுப்புக்கு மேல் உயரத்தில் வைப்பது நல்லது. சூடான தட்டைக் குனிந்து தூக்கிப் பார்த்தால் தெரியும்.

ஏர் ஃப்ரையர் இருக்கிறது. ஓவனும் வேண்டுமா? — வாசகர், கோவை

இரண்டு பேருக்குச் சமைப்பவர் என்றால் வேண்டாம். ஏர் ஃப்ரையரே வேகமான ஃபேன் வைத்த குட்டி ஓவன்தான். 6 அங்குல டின்னில் கேக் வரும். குறிப்பில் சொன்ன சூட்டில் 20 டிகிரி குறையுங்கள், மேலே சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் போட்டு மூடுங்கள். பிரெட்டும் பெரிய கேக்கும் தட்டு நிறைய பிஸ்கட்டும் வேண்டுமென்றால்தான் ஓவன்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) ரிச் கேக், லவ் கேக் என்று நிறையச் செய்வோம். கரண்ட் போனாலும் நிற்காது என்று காஸ் அவன் (ஓவன்) எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

2022இல் இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் போனபோது, காஸ் சிலிண்டருக்கும் தெருத் தெருவாக வரிசை நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. ஆகவே அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

காஸ் அவனில் நெருப்பு கீழே. காஸ் எரியும்போது நீராவியும் வரும், உள்ளே ஈரம் கூடும். பழம் நிறைந்த ரிச் கேக்குக்கு அது கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் கேக்குக்கு 150 டிகிரியும் அதற்குக் கீழும் மணிக்கணக்கில் வேண்டும். காஸில் அவ்வளவு குறைத்து நிலையாகப் பிடிப்பது கடினம். டின்னைச் சுற்றித் தடித்த தாளும், கீழே இன்னொரு தட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். மின்சார அவனில் அந்தத் தொல்லை குறைவு. பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டால் பழம் நிறைந்த கேக் பிழைத்துக்கொள்ளும், ஸ்பாஞ்ச்தான் உட்கார்ந்துவிடும். உங்கள் 13 ஆம்பியர் பிளக்குக்கு 2000 வாட் அவன் பிரச்சினை இல்லை.

அப்படியும் காஸ்தான் என்றால், நெருப்பு அணைந்தால் தானாக காஸை நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு, கடையிலேயே காட்டச் சொல்லி வாங்குங்கள்.

டைமர், லைட், சிக்கன் சுற்றும் கம்பி... எதற்குக் காசு கொடுக்கலாம்? — வாசகி, ஈரோடு

லைட்டுக்குக் கொடுங்கள், கதவைத் திறக்காமல் பார்க்கலாம். டைமரில் 60 நிமிடத்தோடு நிற்காமல், நீங்கள் அணைக்கும்வரை ஓடும் 'ஸ்டே ஆன்' இருக்கிறதா பாருங்கள். கம்பியில் சிக்கன் இரண்டு முறை சுற்றும், பிறகு அது லாஃப்ட்டுக்குப் போகும்.

நாலு வருட ஓடிஜி. கேக் மேலே கருகுகிறது, நடுவில் மாவாக இருக்கிறது. புதிது வாங்க நேரம் வந்துவிட்டதா? — வாசகி, புதுச்சேரி

முதலில் சில நூறு ரூபாய்க்கு ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நடுக் கம்பித் தட்டில் வைத்து, 180 திருகி, இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். உடனே முடிவு கட்டாதீர்கள். ராடு எரிவதும் அணைவதுமாக இருக்கும், முள்ளும் கூடவே ஏறி இறங்கும். இன்னும் கால் மணி நேரம் கவனித்து நடு அளவை எடுங்கள். அது 205 என்றால் இனிமேல் நீங்கள் 155 திருக வேண்டும், அவ்வளவுதான். ஓவன் கெட்டுப்போகவில்லை.

அடுத்து பிரெட் சோதனை. கம்பித் தட்டு முழுக்க பிரெட் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, சூடான ஓவனில் பத்து நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்து அதே வரிசையில் மேடையில் பரப்பினால், எந்த மூலை கருகுகிறது, எது வெள்ளையாக நிற்கிறது என்று படம் போட்டதுபோல் தெரியும். பெரும்பாலும் பின்பக்கம் கறுத்திருக்கும். அப்படியானால் முக்கால் பங்கு நேரம் கழித்து டின்னைத் திருப்பி வைத்தால் போதும். ஒரு வரிசை முழுக்க வெள்ளையாகவே இருந்தால் அந்தப் பக்கத்து ராடு எரியவில்லை. ராடு மாற்றப் பெரிய செலவாகாது. கறுப்பு டின் பயன்படுத்துகிறீர்களா என்றும் பாருங்கள், அது வெளிர் அலுமினியத்தைவிட வேகமாகச் சூடேறி ஓரத்தைக் காய்த்துவிடும்.

கதவு முழுதாக மூடாமல் தொங்கினாலோ, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அணையவே அணையாமல் முள் ஏறிக்கொண்டே போனாலோ புதிது வாங்குங்கள்.

ஓவனால் கரண்ட் பில் எகிறுமா? — வாசகர், தஞ்சாவூர்

1500 வாட் ஓடிஜியில் ஒரு மணி நேர பேக்கிங்குக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் ஒன்றரை ஆவதில்லை. வாரம் இரண்டு முறை என்றால் நம் இரண்டு மாத பில்லில் 16, 18 யூனிட் கூடும். ஏற்கெனவே 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீடாக இருந்தால் மட்டும் கவனியுங்கள், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். ஆனால் அந்த வீட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது ஏசியைத்தான்.