மழை வாய்ப்பு முப்பது சதவீதம் என்றால் போகலாமா?

வார இறுதியில் பெய்த மழை பொழுதுபோக்கையும் கெடுத்து, கூடுதல் வருமானத்துக்காக எடுத்துக்கொண்ட வேலையையும் கெடுத்துவிட்டது என்ற வருத்தம் இம்முறை வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வார நாள்களில் அலுவலகம் செல்கிறேன், வார இறுதியில் புகைப்படம் எடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். சென்ற வாரம் சனிக்கிழமை நண்பர்களோடு மலையேற்றம், ஞாயிறு காலை திறந்தவெளியில் ஒரு குடும்பத்தைப் படமெடுக்கும் வேலை. இரண்டு நாளுக்கும் மழை வாய்ப்பு 30 சதவீதம் என்று வெள்ளி இரவு ஆப் காட்டியது. குறைவுதானே என்று இருந்துவிட்டேன். இரண்டு நாளும் நனைந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலையும் கைநழுவிப் போனது. இந்த முன்னறிவிப்புகளை நம்புவதில் பொருள் உண்டா?

பதில்: உங்கள் ஆப் பொய் சொல்லவில்லை. 30 சதவீதம் என்பது, இதே போன்ற நிலைமை உள்ள பத்து நாள்களை எடுத்துக்கொண்டால் அவற்றில் மூன்று நாள்கள் நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்யும் என்பதே. ஊரில் முப்பது சதவீதப் பரப்பு நனையும் என்றோ, பகலில் முப்பது சதவீத நேரம் தூறும் என்றோ அதற்குப் பொருள் இல்லை. அதோடு, எவ்வளவு மழை என்பதைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதே இல்லை. அளக்கக்கூடிய அளவில் விழுந்தாலே அது மழைதான். அமெரிக்க வானிலைச் சேவையின் கணக்கில் கால் மில்லிமீட்டர் போதும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் நீர் என்று நினைவில் வைத்துக்கொண்டு, சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மில்லிமீட்டர் எண்ணையும் பாருங்கள். ஐந்து நிமிடத் தூறலா, காலை முழுவதும் நின்று பெய்யும் மழையா என்பதை அதுதான் சொல்லும்.

இன்னொரு இடத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். மணிவாரியாகப் பார்க்கும்போது காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு மணிக்கும் 30 என்று இருந்தால், அந்தக் காலைப்பொழுது முழுவதற்கும் வாய்ப்பு 30 ஆகாது. அந்த ஆறு மணிநேரமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால் எப்போதாவது ஒருமுறை நனைவதற்கான வாய்ப்பு 88 சதவீதம் வரை போகும். நடைமுறையில் ஒரு மணி நேர மழை அடுத்த மணியிலும் தொடர்வது வழக்கம் என்பதால் உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். ஆனால் 30க்கு மேல்தான் இருக்கும்.

உங்கள் பிழை முன்னறிவிப்பை நம்பியதில் இல்லை; ஒரே எண்ணுக்கு இரண்டு நாளும் ஒரே பதிலைச் சொன்னதில் இருக்கிறது. மலையேற்றத்துக்கு மனத்துக்குள் மதிப்பெண் போட்டுப் பாருங்கள். மழையில்லாத மலைக்குப் பத்து, நனைந்த மலைக்கு இரண்டு, வீட்டிலேயே இருந்துவிட்டால் ஐந்து என்று வையுங்கள். 30 சதவீத மழைக்கு, கிளம்பினால் கிடைக்கும் சராசரி 7.6, வீட்டில் இருந்தால் வெறும் ஐந்து. இந்தக் கணக்கில் மழை வாய்ப்பு அறுபதைத் தாண்டும் வரை கிளம்புவதே சரி. ஆகவே சனிக்கிழமை நீங்கள் நனைந்தது தவறான முடிவால் அல்ல. சரியான முடிவெடுத்தும் பகடை எதிராக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு வேறு. மழை வந்தால் போவது முழுக் கூலி. கூரையுள்ள ஒரு மாற்று இடத்தை முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அதற்கு உங்கள் கூலியில் பத்தில் ஒரு பங்கு செலவாகியிருக்கும் என்று கொள்வோம். தற்காத்துக்கொள்ளும் செலவை, தற்காக்காவிட்டால் வரும் இழப்பால் வகுத்தால் வருவதே எல்லைக்கோடு. வானிலை முன்னறிவிப்பின் பயனை எடைபோடுவோர் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு இது. உங்களுக்கு அந்தக் கோடு 10 சதவீதம். மழை வாய்ப்பு அதைத் தாண்டிய நிமிடமே மாற்று இடத்தைப் பேசியிருக்க வேண்டும். 30 வரை காத்திருந்தது தாமதம். விளையாட்டுக்குத் துணிச்சலும் வேலைக்குக் கோழைத்தனமும் ஒரே வாரத்தில் ஒரே மனிதரிடம் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

கேள்வி: வாரம் முழுவதும் வெயில் அடித்துவிட்டுச் சனிக்கிழமை மட்டும் குறிபார்த்து மழை வருகிறதே, இது என் பிரமையா, உண்மையா?

பதில்: பெரும்பாலும் பிரமை. காற்றுக்கும் மேகத்துக்கும் ஏழு நாள் கணக்கு தெரியாது. வாரம் என்பது மனிதர் வகுத்தது. மனிதர் கக்கும் புகைக்கு வாரக் கணக்கு உண்டு என்பதால் மட்டும் ஒரு சந்தேகம் எழுந்தது. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் சனிக்கிழமைகளில் மழை சற்று அதிகம் என்று 1998இல் ஓர் ஆய்வு வெளியானது. பிற இடங்களையும் காலங்களையும் ஆராய்ந்தவர்கள் எல்லாரும் அதே முடிவுக்கு வரவில்லை; ஆகவே அதை எல்லா ஊருக்கும் பொதுவாக்க முடியாது.

எளிய எண்கணிதத்திலேயே உங்கள் எரிச்சலுக்குப் பாதி விடை இருக்கிறது. வாரத்தில் ஏதாவது ஒரு நாள் மட்டும் மழை என்றால் அது வார இறுதியில் விழும் வாய்ப்பு ஏழில் இரண்டு, அதாவது ஏறக்குறைய 29 சதவீதம். மழை இரண்டு நாள் தொடர்ந்தால் சனியையோ ஞாயிறையோ தொடும் வாய்ப்பு ஏழில் மூன்று. மூன்று நாள் தொடர்ந்தால் ஏழில் நான்கு, பாதிக்கும் மேல்! மீதிப் பாதி நினைவின் வேலை. செவ்வாய்க்கிழமை அலுவலக ஜன்னலுக்கு வெளியே கொட்டிய மழையை நாம் யாரும் கணக்கில் எழுதி வைப்பதில்லை.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுப்பது என் பகுதி நேரத் தொழில். திங்கட்கிழமையே "மழை வருமா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த நாளில் சொல்லும் பதில் நம்பத்தக்கது?

பதில்: திங்கட்கிழமை சொல்லும் பதிலை ஒரு போக்காக மட்டும் கொள்ளுங்கள். எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர் தம் கணினியில் ஒரு கணக்கை மறுபடி ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். தொடக்கத்தில் ஒன்றாகவே சென்ற இரு கணக்குகளும் சிறிது நேரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வானிலைகளைக் காட்டின. அதிலிருந்து கிளைத்த ஆய்வை 1963இல் அவர் வெளியிட்டார். இன்று முன்னறிவிப்பு மையங்கள் இந்தப் பலவீனத்தையே கருவியாக்கிக்கொண்டுள்ளன. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே கணக்கைப் பலமுறை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மையம் 1992 முதல் இதை நடைமுறையில் செய்து வருகிறது, இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓட்டங்கள். அவற்றில் எத்தனை ஓட்டங்கள் மழையைக் காட்டுகின்றன என்பதிலிருந்து வாய்ப்புச் சதவீதத்தைக் கணிக்க முடிகிறது.

ஆகவே திங்களன்று, "இன்னும் சொல்ல முடியாது, வியாழன் மாலை சொல்கிறேன்" என்பதுதான் நேர்மையான பதில். வியாழன் மாலை, தார்ப்பாயும் மாற்று இடமும் தேவையா என்பதை முடிவு செய்யுங்கள். பரந்த மழை மண்டலம் வருகிறது என்றால் அப்போதே ஓரளவு தெளிவாகிவிடும். இடிமழை என்றால் முந்தைய இரவுகூட இடம் தெரியாது. தனி ஒரு இடிமேகத்தின் ஆயுளே பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். அதற்கு நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக ரேடார் படத்தைப் பார்க்க வேண்டும். ஒற்றைப் படத்தைப் பார்க்காதீர்கள்; கடந்த ஒரு மணி நேரத்தை ஓடவிட்டு, மழைத்திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, வளர்கிறதா கரைகிறதா என்று கவனியுங்கள். ரேடாரிலிருந்து தொலைவு கூடக்கூட அதன் கதிர் தரைக்கு மேலே உயர்ந்துகொண்டே போவதால், தொலைவில் தாழ்வான மேகத்திலிருந்து விழும் தூறல் படத்தில் தெரியாமலும் போகலாம்.

இங்கே என் கதை ஒன்று. ஒரு வெள்ளி இரவு 70 சதவீதம் என்று பார்த்துவிட்டு, மறுநாள் மிதிவண்டிப் பயணத்தை நண்பர்களின் எதிர்ப்பையும் மீறி நானே ரத்து செய்தேன். மறுநாள் முழுவதும் ஒரு துளி விழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, காய்ந்து வெளுத்துக் கிடந்த சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பகலில்தான், பத்தில் மூன்று என்பதும் நடக்கக்கூடியதே என்று எனக்கு உறைத்தது.

கேள்வி: பழைய மரச்சாமான்களைச் சனி, ஞாயிறுகளில் புதுப்பித்து விற்கிறேன். மழை நாளில் கூரைக்கு அடியில்தான் வார்னிஷ் பூசினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. இருந்தும் பூச்சு பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது. ஏன்?

பதில்: துளி படவில்லை, ஈரம் பட்டுவிட்டது. பூச்சில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால், குளிர்ந்த அந்தப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. அரக்குப் பாலிஷ், லேக்கர் போன்ற விரைவில் உலரும் பூச்சுகளில் இது அதிகம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூச வேண்டாம், பூசும் பரப்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பவை பூச்சுத் தொழிலில் பொதுவாகப் பின்பற்றும் இரு விதிகள். ஈரமான காற்றுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து ஐந்தால் வகுத்தால், காற்றின் வெப்பநிலை பனிநிலையைவிட ஏறத்தாழ எத்தனை டிகிரி கூடுதல் என்பது கிடைக்கும். 85 சதவீதத்துக்கு விடை 3. இரு விதிகளும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன என்பது இப்போது புரியும்.

மரமும் சும்மா இருப்பதில்லை. ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள காற்றில் நெடுநாள் இருந்த மரம் தன் உலர் எடையில் ஏறக்குறைய 9 சதவீத நீரோடு இருக்கும். 80 சதவீதத்தில் அது ஏறக்குறைய 16 ஆகிவிடும். ஊதிய மரத்தில் இழுப்பறையைச் சரியாகப் பொருந்தும்படி இழைத்தால், காற்று உலர்ந்ததும் அது லொடலொடவென ஆடும். எனவே மழைக்கால வார இறுதியில் அளந்து இழைக்கும் வேலையையும் தள்ளிவையுங்கள். உப்புத்தாள் தேய்ப்பது, பழைய பூச்சைச் சுரண்டுவது, கீல்களையும் கைப்பிடிகளையும் கழற்றித் துடைப்பது, விற்பனைப் படங்கள் எடுப்பது எல்லாம் மழைக்கு அஞ்சாத வேலைகள். அவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தால், வானம் இருண்டதும் என்ன செய்வதென்று யோசிக்க வேண்டியிருக்காது. வெளுத்துப்போன சாமானைத் தூக்கி எறிய வேண்டாம். காற்று உலர்ந்த நாளில், அந்தப் பூச்சுக்கு உரிய தின்னரை மிக மெல்லிதாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். முதலில் உள்பக்கம் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: மைதானத்தில் இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தினோம். மழை விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்கலாம் என்றேன். ஒரு நண்பர் அரை மணி நேரம் என்று பிடிவாதம் பிடித்தார். இது மிகையான பயம் இல்லையா?

பதில்: நண்பர் சொன்னதே சரி. கடைசியாகக் கேட்ட இடியிலிருந்து 30 நிமிடம். இடையில் மறுபடி ஒன்று கேட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். மின்னல் மழைக்கு வெளியே பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் இறங்கும் என்பதால், மழை விட்டதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். ஆனால் எண்ணிக்கொண்டு நிற்பதைவிட, முதல் இடியிலேயே நல்ல கட்டடத்துக்குள்ளோ கதவு மூடிய, உலோகக் கூரையுள்ள காருக்குள்ளோ போய்விடுவது மேல். தனி மரமும் கூடாரமும் அடைக்கலம் ஆகா. முதல் பதிலில் நான் சொன்ன மதிப்பெண் கணக்கும் மின்னலுக்குப் பொருந்தாது.

கேள்வி: நனைந்த கேமராவை அரிசிக்குள் புதைத்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம், தூளும் மாவும் உள்ளே போவதுதான் மிச்சம். உடனே அணைத்து, பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றி, துணியால் ஒற்றி எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கடினமான பகுதி.

கேள்வி: மழையால் வேலை நடக்கவில்லை. வாடிக்கையாளர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நானோ அந்த நாளுக்காக வேறு இரண்டு வேலைகளை விட்டுவிட்டேன். யார் பக்கம் நியாயம்?

பதில்: இருவர் பக்கமும் இருக்கிறது, அதனால்தான் இது சண்டையாகிறது. நடந்ததற்கு, முன்பணத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேறு நாளில் கூடுதல் கூலி இல்லாமல் வேலையை முடித்துத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேறு நாள் ஒத்துவரவில்லை என்றால் பாதியைத் திருப்பித் தருவது உங்கள் பெயருக்கு நல்லது என்பது என் கருத்து. இனிமேல் முன்பணம் வாங்கும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் வைத்துவிடுங்கள்: எது மழை, யார் முடிவு செய்வது, எத்தனை மணிக்குள், அதற்குப் பின் பணம் என்னாகும். நீண்ட ஒப்பந்தம் தேவையில்லை. கைப்பேசியில் அனுப்ப இவ்வளவு போதும்:

"ஞாயிறு காலை 6 மணிக்கு ரேடார் பார்த்துவிட்டு உங்களோடு பேசி முடிவு செய்வேன். தூறலில் வேலை நடக்கும். இடி இருந்தாலோ தொடர்மழை இருந்தாலோ அடுத்த ஞாயிறு, கூடுதல் கட்டணம் இல்லை. நாள் ஒத்துவராவிட்டால் முன்பணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். சம்மதம் என்றால் 'சரி' என்று பதில் அனுப்புங்கள்."