இரண்டு நாள் முன்பு நிறுத்தினால் போதாதா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மூன்று வருடத்தில் 121 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு இறங்கிவிட்டேன். ஆனால் வயிற்றுத் தோல் பை மாதிரித் தொங்குகிறது. அதை அகற்றும் ‘டம்மி டக்’ ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். சிகரெட்டை ஒரு மாதம் முன்பே விட்டால்தான் கத்தியைத் தொடுவேன் என்கிறார் சர்ஜன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து பிடிப்பேன். புகை போவது நுரையீரலுக்கு. வயிற்றுத் தோலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நாள் முன்பு நிறுத்தினால் போதாதா? நிக்கோட்டின் சூயிங்கம் மெல்லலாமா?

பதில்: 39 கிலோ குறைத்திருக்கிறீர்கள். அதைவிட இது சிரமமாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்த ஆபரேஷனில் அடிவயிற்றிலிருந்து விலா எலும்பு வரை தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்துத் தூக்குவோம். அப்போது தசையிலிருந்து தோலுக்கு வரும் ரத்தக்குழாய்கள் பல அறுபடும். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டுத் தைப்போம். தொப்புளுக்குக் கீழே தையல் போட்ட நடுப்பகுதிக்கு இனி பக்கவாட்டிலிருந்து சுற்றி வருகிற ரத்தம்தான். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகிற மாதிரி. நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். அதாவது மேலே மடையை அடைக்கும். போதாததற்குப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். போய்ச் சேரும் கொஞ்ச ரத்தத்திலும் ஆக்ஸிஜன் குறைவு.

என்னிடம் வந்த ஒருவர் விட்டுவிட்டதாகச் சொன்னார், நானும் நம்பினேன். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால் தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் நீலம் பாரித்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். நிறம் மாறவே இல்லை, அதாவது அங்கே ரத்த ஓட்டம் இல்லை. பத்தாம் நாள் அது கருத்துத் தோல் செருப்பு மாதிரி ஆகிவிட்டது. வெட்டி எடுத்து, மூன்று மாதம் டிரெஸ்ஸிங். “டீயோடு ஒண்ணு ரெண்டுதான் சார்” என்று அப்புறம்தான் சொன்னார். நிக்கோட்டின் உடம்பில் சிதைந்து உண்டாகும் பொருள் கோட்டினைன். அதற்குப் பிறகு நான் சிறுநீரில் கோட்டினைன் பரிசோதனை செய்யாமல் தேதி கொடுப்பதில்லை.

இரண்டு நாள் கணக்குக்கு வருவோம். கார்பன் மோனாக்சைடு ஒரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் புண் ஆறும் சக்தியும், கிருமியை எதிர்க்கும் தெம்பும், சளி கட்டிய நுரையீரலும் சீராக வாரக்கணக்காகும். சளி வைத்துக்கொண்டு மயக்கத்திலிருந்து எழுந்து இருமினால் ஒவ்வொரு இருமலும் புதுத் தையலை இழுக்கும். ஆகவே முன்பு குறைந்தது நான்கு வாரம், பின்பும் நான்கு வாரம். பலர் சறுக்குவது பின்னால்தான்: வலி குறைந்து, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டாம் வாரத்தில்.

சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை இரண்டிலும் இருப்பது நிக்கோட்டின்தான். புகைப்பதைவிட அவை எவ்வளவோ மேல். ஆனால் தோலைத் தூக்கிச் செய்யும் ஆபரேஷன்களில் நிக்கோட்டினே வேண்டாம் என்பார்கள் பெரும்பாலான பிளாஸ்டிக் சர்ஜன்கள். கோட்டினைன் பரிசோதனையிலும் அது காட்டிக்கொடுக்கும். வாயில் அடக்கும் புகையிலை, இ-சிகரெட் எல்லாம் அதே கணக்கு. நிக்கோட்டின் இல்லாத வேரினிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகள் உண்டு. விடப்போகும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும் என்பதால் இப்போதே கேளுங்கள். வலிப்பு வந்திருந்தால் புப்ரோபியான் கூடாது. மத்திய அரசின் 1800-11-2356 இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

முதல் மூன்று நான்கு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். ஷிப்ட் இடைவேளையில் அந்த டீக்கடைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். டீயை ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள்.

தேதி நெருங்கியும் விட முடியவில்லை என்றால் சர்ஜனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இது குடல்வால் ஆபரேஷன் இல்லை, ராத்திரியோடு ராத்திரியாகச் செய்ய. இரண்டு மாதம் தள்ளிப் போட்டாலும் அந்தத் தோல் எங்கும் போய்விடாது.