சாட்பாட் சொன்னால் நம்பலாமா? மார்பகப் புற்றுநோய்க் கேள்வி-பதில்

அம்மாவின் பயாப்ஸி (கட்டியில் துளி சதை எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட்டை சாட்ஜிபிடியில் போட்டு விளக்கம் கேட்கலாமா? (மகள், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

கேளுங்கள். பெயர், ஐடி எண், ஆஸ்பத்திரி எண் மூன்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். 'ஈஆர் பாசிட்டிவ்' என்றால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தயவில் வளரும் கட்டி, அதற்கு ஹார்மோன் மாத்திரை உண்டு என்பதையெல்லாம் நன்றாகவே விளக்கும். அடுத்ததாக, 'அப்போ அம்மாவுக்கு என்ன சிகிச்சை?' என்று கேட்கக் கை துறுதுறுக்கும். அதை மட்டும் டாக்டரிடம் வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் 'ஜாமா ஆன்காலஜி' இதழில் வந்த ஆய்வில், சாட்ஜிபிடியின் புற்றுநோய் சிகிச்சைப் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அமெரிக்க நெறிமுறைக்கு ஒவ்வாத யோசனை ஏதாவது இருந்தது. அது அப்போதைய பதிப்பு, சரி. ஆனால் சரியான யோசனைகளுக்கு நடுவிலேயே தப்பும் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குக் கவலை.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எந்த வயதில் என்று சாட்பாட்டிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு பதில்! (ஃபீனிக்ஸ், டர்பன்)

எந்த நாடு என்று சொன்னீர்களா? அமெரிக்காவின் 2024 பரிந்துரை 40 முதல் 74 வயது வரை, இரண்டாண்டுக்கு ஒருமுறை. பிரிட்டனில் 50-இல் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை. இரண்டுமே சரி, ஆனால் இரண்டுமே டர்பனுக்கு எழுதியவை அல்ல. மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவர்கள் 2023-இல் சாட்ஜிபிடியிடம் 25 கேள்விகளை மும்மூன்று தடவை கேட்டுப் பார்த்தார்கள். 22-க்குப் பதில் சரி. அது தடுமாறிய கேள்விகளில் ஒன்று, 'பரிசோதனைக்கு எங்கே போவது?' அதை உங்கள் கிளினிக் சிஸ்டரிடமே கேளுங்கள்.

ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும் என்கிறார் அத்தை. பரவாது என்கிறது சாட்பாட்.

இந்தத் தடவை நான் சாட்பாட் பக்கம்.

ஆயாவுக்கு மார்பில் கட்டி, வலி இல்லை. 'பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல' என்றது சாட்பாட். புரட்டாசி முடிந்து போகலாமா? (பேத்தி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அது சொன்னது உண்மை. ஆனால் உங்கள் ஆயாவின் கட்டியை அது தொட்டுப் பார்க்கவில்லையே. வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தியும் அல்ல, புற்றுக்கட்டி பல சமயம் வலிப்பதில்லை. காம்பு உள்ளிழுத்திருக்கிறதா, தோல் நார்ச்சிப் பழத் தோல் மாதிரி குழிகுழியாக இருக்கிறதா என்று பாருங்கள். (நார்ச்சி ஒரு சின்ன ஆரஞ்சு வகை. நம் 'நாரத்தை' என்ற சொல்தான் ஆஃப்ரிக்கான்ஸில் போய் இப்படி மாறியது.) இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே கூட்டிப்போங்கள். விரதத்தை விடாமலே கிளினிக்குப் போகலாம்.

எங்கள் கோயில் மாதர் குழுவுக்கு வாட்ஸப் பாட் ஒன்று செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?

நம் தென்னாப்பிரிக்காவுக்கு இது புதிதல்ல. கர்ப்பிணிகளுக்குச் செய்தி அனுப்பும் மாம்கனெக்ட் 2014-இலேயே வந்தது. பாட் தானாகப் பதில் புனைய விடாதீர்கள். டாக்டர் பார்த்து ஒப்புக்கொண்ட முப்பது, நாற்பது பதில்களை மட்டும் கொடுங்கள். தமிழ் காதுக்குப் பழக்கம், கண்ணுக்கு இல்லை என்ற ஆயாமார் நம்மிடம் ஏராளம். அவர்களுக்குக் குரல் பதிவாகவே அனுப்புங்கள். அப்புறம், யாராவது 'கட்டி இருக்கு' என்று சொல்லிவிட்டால் பாட் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, பக்கத்துக் கிளினிக்கின் பெயரையும் நேரத்தையும் சொல்ல வேண்டும். முதலில் அந்த ஒரு பதிலைச் சோதித்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.