முதல் இரவுக் கணக்கும் முடிவான கணக்கும்: நியூயார்க் பிரைமரி பற்றிய கேள்வி-பதில்

நியூயார்க் மாநகர மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்குகளை எண்ணும் முறை பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பிரைமரி என்பது பொதுத்தேர்தலுக்கு முன் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அங்கே வாக்காளர் ஒருவரை மட்டும் குறிக்காமல், ஐந்து பேர் வரை விருப்ப வரிசைப்படி குறிக்கலாம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால், தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்த ஆண்டு, எந்தக் கட்சி, எந்தப் பதவி என்று சொல்லாமல் “அமெரிக்கத் தேர்தலில்” என்று தொடங்கிய கடிதங்களுக்கு விடை சொல்ல வழியில்லை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தேர்தல் சட்டம் மாறுபடுகிறது. கேட்பவர் அதையாவது மனத்தில் கொண்டு கேட்க வேண்டும்.

ஐந்து விருப்ப இடங்களிலும் ஒரே வேட்பாளரைக் குறித்தால் அவருக்குக் கூடுதல் பலம் கிடைக்குமா? – வாசகர், மதுரை

கிடைக்காது. முதல் இடத்தில் குறித்தது மட்டுமே கணக்கில் வரும். மற்ற நான்கும் வீண். இரண்டு பேருக்கு ஒரே இடத்தைக் கொடுத்துவிட்டால் அதைவிட மோசம்: அந்த இடமும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போகும். ஓர் இடத்தை வெறுமனே விட்டுவிட்டால் மட்டும் சிக்கல் இல்லை. அடுத்த விருப்பம் மேலே ஏறிக்கொள்ளும்.

2025 ஜூன் 24 பிரைமரி இரவில் வேட்பாளர் ஜோரான் மம்தானிக்கு 43 சதவீதம் என்றார்கள். ஒரு வாரம் கழித்து 56 சதவீதம் என்றார்கள். இடையில் அந்த 13 சதவீத வாக்குகள் எங்கிருந்து வந்தன? – வாசகி, கோயம்புத்தூர்

எங்கிருந்தும் வரவில்லை. முதல் இரவில் வெளியானது முதல் விருப்பங்களின் கூட்டல் மட்டுமே. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், பின்தங்கியவர்களை நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் அடுத்ததாக யார் குறிக்கப்பட்டிருக்கிறார் என்று பார்த்து அவர் பக்கம் சேர்க்கும் வேலை ஜூலை 1 அன்று நடந்தது. நம்மூரில் ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு வாக்குச்சாவடிகளின் இயந்திரங்கள் மேசைக்கு வரும். அங்கே எல்லாச் சுற்றுகளிலும் கையாளப்படுபவை அதே சீட்டுகள்தான். ஆகவே “இரண்டாம் சுற்றில் முன்னிலை” என்று தமிழில் செய்தி எழுதும்போது, எண்ணிக்கை பாதியில் இருக்கிறது என்ற பொருள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மம்தானியும் இன்னொரு வேட்பாளரான பிராட் லேண்டரும் ஒருவருக்கொருவர் அடுத்த விருப்பத்தைக் கேட்டுப் பரப்புரை செய்தது இந்த விதியை நன்கு அறிந்துதான்.

சதவீதத்தின் அடிப்படையும் மாறியது என்பதைக் கவனியுங்கள். பதிவானவை சுமார் 10.7 லட்சம். கடைசிச் சுற்றில் மம்தானிக்கு 5.73 லட்சம், ஆண்ட்ரூ குவோமோவுக்கு 4.43 லட்சம். இவ்விருவரில் ஒருவரையும் குறிக்காத ஐம்பதாயிரத்துச் சொச்சம் சீட்டுகள் வழியிலேயே தீர்ந்துபோயின. அவற்றை விட்டுவிட்டுப் போட்ட கணக்குதான் 56. பதிவான மொத்தத்தோடு வகுத்தால் ஏறக்குறைய 53 அல்லது 54 வரும். 2021 பிரைமரியில் வென்ற எரிக் ஆடம்ஸ் பெற்றதாகச் சொல்லப்படும் 50.4 சதவீதமும் இப்படித்தான். அந்தத் தேர்தலில் 1.4 லட்சம் சீட்டுகள் தீர்ந்துபோனதால் மொத்தத்தில் அவருடைய பங்கு 43 சதவீதம்தான். இரண்டு எண்களும் சரியானவை. எதை எதனால் வகுத்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவதே தவறு.

எங்கள் நாட்டு ஜனாதிபதித் தேர்தலிலும் மூன்று விருப்பங்கள் குறிக்கலாம். இரண்டும் ஒன்றுதானே? – வாசகர், யாழ்ப்பாணம்

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. இலங்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே வீச்சில் நீக்கப்படுகிறார்கள். 2024 செப்டெம்பரில்தான் அங்கே முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ணும் நிலை வந்தது. அனுர குமார திசாநாயக்க 56.3 லட்சத்திலிருந்து 57.4 லட்சத்துக்கும், சஜித் பிரேமதாச 43.6 லட்சத்திலிருந்து 45.3 லட்சத்துக்கும் உயர்ந்தார்கள், வரிசை மாறவில்லை. நியூயார்க்கில் கடைசியில் இருப்பவரிலிருந்து தொடங்கிப் படிப்படியாக நீக்குவார்கள். வெல்லவே வாய்ப்பில்லாத பலரை ஒன்றாக நீக்கவும் விதி இடம் தருகிறது. எனவே முதல் எண்ணிக்கையில் மூன்றாமிடத்தில் இருப்பவர் இறுதிப் போட்டிக்கு ஏறிவர அங்கே வழி உண்டு, இலங்கையில் இல்லை. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் விருப்ப வரிசைதான்; 1969-இல் வி.வி. கிரி அடுத்த விருப்பங்களின் துணையோடு வென்றார்.

2021-இல் 1.35 லட்சம் கள்ள வாக்குகளைச் சேர்த்து முடிவை வெளியிட்டார்களே, அந்தத் தேர்தல் வாரியத்தை எப்படி நம்புவது? – வாசகர், சென்னை

அவை கள்ள வாக்குகள் அல்ல. யாரும் போட்ட வாக்குகளே அல்ல. ஒரு குற்றச்சாட்டை எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் படித்துப் பார்த்திருக்கலாம். 2021 ஜூன் 22 மேயர் பிரைமரியில்தான் மாநகரம் முழுவதற்குமாக விருப்ப வரிசை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. மென்பொருள் ஒழுங்காகக் கூட்டுகிறதா என்று பார்ப்பதற்காக முன்கூட்டியே சோதனைச் சீட்டுகளை ஏற்றிப் பார்த்திருந்தார்கள். அதில் பிழையில்லை, அது செய்யப்பட வேண்டிய வேலை. அந்தப் பதிவுகளை அழிக்காமல் அவற்றின் மேலேயே உண்மையான வாக்குகளையும் ஏற்றி, ஜூன் 29 அன்று பட்டியலை வெளியிட்டதுதான் பிழை. முதல் இரவில் சுமார் 8 லட்சமாக இருந்த மொத்தம் 9.4 லட்சமாக ஏறியிருந்ததை ஆடம்ஸ் தரப்பினர் உடனே சுட்டிக்காட்டினார்கள். பட்டியல் அன்றே திரும்பப் பெறப்பட்டது. மறுநாள் திருத்திய கணக்கு வந்தது.

இந்தச் செய்தியை எழுதியவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். என்னுடைய மனக்குறை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜூன் 30 அன்று வெளியான திருத்திய பட்டியலில் ஆடம்ஸ் கேத்ரின் கார்சியாவைவிடச் சுமார் 15,000 வாக்குகள் முன்னால் இருந்தார். அதில் தபால் வாக்கு ஒன்றுகூடச் சேரவில்லை, 1.25 லட்சம் உறைகள் பிரிக்கப்படாமல் காத்திருந்தன. அதைவிட முக்கியமானது, கடைசிக்கு முந்தைய சுற்றில் கார்சியாவுக்கும் மாயா வைலிக்கும் இடையே இருந்த வித்தியாசம் 350 வாக்குகளுக்கும் குறைவு. இறுதிப் போட்டி ஆடம்ஸுக்கும் கார்சியாவுக்கும் இடையிலா, ஆடம்ஸுக்கும் வைலிக்கும் இடையிலா என்பதே அந்த நாளில் முடிவாகவில்லை. நிலைமை இப்படி இருக்கும்போது “ஆடம்ஸை நெருங்குகிறார் கார்சியா” என்று தலைப்பிடுவது, பாதிக் கணக்கை வைத்து முழுத் தீர்ப்பு எழுதுவதாகும். தபால் வாக்குகளும் சேர்ந்த பிறகு கார்சியா வைலியை ஏறத்தாழ 12,000 வாக்குகளில் முந்தினார்; ஆடம்ஸ் கார்சியாவை 7,200 வாக்குகளில் வென்றார்.

இன்னொன்றையும் பாருங்கள். பிழையான பட்டியலின் மொத்தம் 9.42 லட்சம், தபால் வாக்குகளும் சேர்ந்து இறுதியில் உறுதிசெய்யப்பட்ட மொத்தமும் ஏறக்குறைய 9.42 லட்சம்தான். முற்றிலும் தற்செயல். ஒரு கூட்டுத்தொகை நம்பத்தக்கதாகத் தோன்றுவது அது சரி என்பதற்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

சான்று வேறு இடத்தில் இருக்கிறது. வாக்குச்சாவடியில் வாக்காளர் மின்னணுப் பதிவேட்டில் கையொப்பமிட்டு, தாள் சீட்டைப் பெற்று, வட்டங்களை நிரப்பித் தானே ஸ்கேனருக்குள் செலுத்துகிறார்; திரையில் உள்ள எண் ஒன்று கூடுகிறது. இரவு 9 மணிக்குச் சாவடி மூடியதும் ஒவ்வொரு ஸ்கேனரும் ஒரு நீண்ட காகிதச் சுருளை அச்சிட்டுத் தருகிறது. கையொப்பங்கள் எத்தனை, திரையில் நின்ற எண் எத்தனை, சுருளில் உள்ள கூட்டல் எத்தனை என்று ஒப்பிடலாம். மளிகைக்கடையில் இரவு கல்லாவை எண்ணுகிறவர்கூடப் பில் புத்தகத்தோடு சரிபார்த்துவிட்டுத்தான் கடையைப் பூட்டுகிறார். வாரியம் வெளியிடும் ஒவ்வொரு பட்டியலின் தலைப்பிலும், இதில் சேர்ந்தவை இவ்வளவு, வந்து சேர்ந்தும் பிரிக்கப்படாதவை இவ்வளவு, தள்ளுபடியானவை இவ்வளவு என்று மூன்று வரி இருந்திருந்தால், 1.35 லட்சம் வேற்றுப் பதிவுகள் வெளியே வருவதற்கு முன்பே யாராவது ஓர் அலுவலர் பிடித்திருப்பார். அந்த மூன்று வரியை அச்சிடச் செலவும் இல்லை, சட்டத் தடையும் இல்லை. செய்தியாளர்களும் அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். எல்லா வாக்குகளும் தாளில் இருக்கின்றன. வாரியத்தின் பத்து ஆணையர்களில் ஐவர் ஜனநாயகக் கட்சி, ஐவர் குடியரசுக் கட்சி. தேர்தலுக்குப் பின் இயந்திரங்களில் 3 சதவீதத்தைக் கையால் சரிபார்க்கவும் விதி உண்டு. எனவே எண்ணிக்கையை நம்பலாம். அவசரமாக வெளியிடப்படும் இடைக்காலப் பட்டியலை, அதில் எது சேர்ந்திருக்கிறது என்று கேட்காமல் நம்ப வேண்டாம்.

“98 சதவீத ஸ்கேனர்கள் அறிக்கை அளித்துவிட்டன” என்றால் 98 சதவீத வாக்குகள் எண்ணப்பட்டுவிட்டன என்றுதானே பொருள்? – இதழியல் மாணவர், திருச்சி

இல்லை. அது இயந்திரங்களின் எண்ணிக்கை, வாக்குகளின் எண்ணிக்கை அல்ல. ஒரு ஸ்கேனரில் நூறு சீட்டுகள் இருக்கலாம், இன்னொன்றில் ஆயிரம் இருக்கலாம். பிறகு வந்துசேரும் தபால் வாக்குகள் அந்தச் சதவீதத்துக்குள் வருவதே இல்லை. இதழியல் படிக்கிறவர் நீங்கள். எதில் 98 சதவீதம் என்று எழுதாமல் எந்தச் சதவீதத்தையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அயோவா பிரைமரியில் செயலி பழுதாகி முடிவு தாமதமானதே, நியூயார்க்கிலும் அப்படி நடக்குமா? – வாசகர், பெங்களூரு

2020 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் நடந்தது பிரைமரி அல்ல, காக்கஸ்; அதாவது கட்சியினர் கூட்டமாகக் கூடி ஆதரவைத் தெரிவிக்கும் முறை. அதை நடத்தியது அரசுத் தேர்தல் அமைப்பு அல்ல, கட்சி. முடிவுகளைத் தொகுக்கச் செய்த செயலி காலை வாரியது. வந்த கணக்குகளிலும் முரண்பாடுகள் இருந்தன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெற்றியாளரை அறிவிக்கவே மறுத்துவிட்டது. அது சரியான முடிவு. நியூயார்க்கில் வேறு குழப்பங்கள் வரலாம், இந்தக் குழப்பம் வராது.

நான் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். அடுத்த மேயர் பிரைமரியில் வாக்களிக்க எப்போது பதிவு செய்ய வேண்டும்? – வாசகர்

வேறு மாநிலத்தில் வசிக்கும் நீங்கள் நியூயார்க் மேயரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நியூயார்க் மாநகரத்திலேயே இருப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே பிரைமரி அந்தந்தக் கட்சியில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே பதிவு பெற்றவர் கட்சியை மாற்ற விரும்பினால் பிப்ரவரி 14-க்குள் மாற்றியாக வேண்டும். எந்தக் கட்சியிலும் சேராமல் பதிவு செய்துவிட்டு ஜூன் மாதத்தில் வாக்குச்சாவடிக்குப் போய்த் திரும்பியவர்கள் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். இதை எத்தனை முறை சொல்வது என்று தெரியவில்லை.

வெற்றியாளரை அறிவிப்பது யார்? தொலைக்காட்சிகளா? – வாசகி, தஞ்சாவூர்

சட்டப்படி வாரியத்தின் சான்றுறுதி மட்டுமே முடிவு. 2021-இல் அசோசியேட்டட் பிரஸ் ஆடம்ஸின் வெற்றியை ஜூலை 6 அன்று அறிவித்தது. சான்றுறுதி ஜூலை 20 அன்றுதான் வந்தது. 2025-இல் குவோமோ முதல் இரவிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். அது அரசியல் பண்பு, அதற்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 4 பொதுத்தேர்தலில் அவர் மீண்டும் போட்டியிட்டார். பொதுத்தேர்தலுக்கு விருப்ப வரிசை கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2020 பிரைமரியில் தபால் வாக்குகளை மொத்தமாகத் தள்ளினார்கள் என்று படித்தேன். இன்னும் அப்படித்தானா? – வாசகர், நியூயார்க் குயின்ஸ்

2020 ஜூன் பிரைமரியில் மாநகரத்துக்கு வந்த சுமார் 4 லட்சம் ஜனநாயகக் கட்சித் தபால் வாக்குகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று செல்லாதது என்று ஒதுக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் வாரியம் தபால் செலவை முன்கூட்டியே கட்டிய உறைகளை அனுப்பியது. அத்தகைய உறைகளில் பலவற்றுக்கு அஞ்சல் முத்திரையே விழவில்லை. முத்திரை இல்லாவிட்டால் தேர்தல் நாளுக்குள் அனுப்பியதற்குச் சான்று இல்லை என்று தள்ளினார்கள். வாக்காளர் செய்யாத தவறுக்கு வாக்காளர் வாக்கை இழந்தார். கரோலின் மலோனி போட்டியிட்ட, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தொகுதியில் வழக்கு மன்றம் வரை சென்று, முடிவு தெரிய ஆறு வாரம் ஆனது.

இப்போது நிலைமை தேறியிருக்கிறது. கையொப்பம் விடுபட்டது போன்ற குறைகளை வாக்காளருக்குத் தெரிவித்துச் சரிசெய்ய அவகாசம் தர வேண்டும். 2022 முதல் தபால் உறைகளைத் தேர்தல் நாள்வரை அடுக்கி வைக்காமல், வந்த சில நாட்களிலேயே சரிபார்க்கத் தொடங்குகிறார்கள். 2021-இல் இரண்டு வாரம் இழுத்தது 2025-இல் ஒரே வாரத்தில் முடிந்ததற்கு இதுவே பெரிய காரணம். ஆயினும் உறையின் வெளிப்பக்கத்தில் கையொப்பமிட மறவாதீர்கள். கடைசி நாளாகிவிட்டால் தபால்பெட்டியை நம்பாமல் அருகிலுள்ள வாக்குச்சாவடியிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

எவ்வளவு குறைந்த வித்தியாசம் என்றால் மறு எண்ணிக்கை? – வாசகர், சேலம்

2021 முதல் உள்ள நியூயார்க் மாநிலச் சட்டப்படி வித்தியாசம் 20 வாக்குகள் அல்லது அதற்குக் குறைவாகவோ, அரை சதவீதத்துக்குள்ளோ இருந்தால் கையால் மறு எண்ணிக்கை தானாகவே நடக்கும். பத்து லட்சம் வாக்குகளுக்கு மேல் பதிவானால் 5,000-க்குக் குறைவான வித்தியாசமும் போதும். ஆடம்ஸ்–கார்சியா வித்தியாசம் 0.9 சதவீதம் என்பதால் மேயர் போட்டிக்கு அது தேவைப்படவில்லை. அதே 2021 பிரைமரியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 9-ஆம் வட்ட மாநகர மன்ற உறுப்பினர் பதவிக்கு வித்தியாசம் நூறு வாக்குகள் அளவில் நின்றதால், சீட்டுகளை மேசையில் பரப்பிச் சுற்றுச் சுற்றாகக் கையாலேயே எண்ணினார்கள். புதியவரான கிறிஸ்டின் ரிச்சர்ட்சன் ஜோர்டன் பதவியிலிருந்த பில் பெர்கின்ஸை வென்றது அந்த மறு எண்ணிக்கையிலும் மாறவில்லை.