இயந்திரத்தை மாற்ற வேண்டாம், நடுவை மாற்றுங்கள்

வணக்கம். கோத்தகிரியில் 250 கிராம் தேயிலைப் பாக்கெட் நிரப்பும்போது சிபி (Cp: எடையின் சிதறல் அனுமதித்த வரம்புக்குள் அடங்குமா என்று காட்டும் எண்) 1.40, சிபிகே (Cpk: சராசரி நடுவிலிருந்து விலகியிருப்பதையும் சேர்த்துப் பார்க்கும் எண்) 0.70 என்று வருகிறது, வாங்குபவர் சிபிகே 1.33 கேட்கிறார், புதிய இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

உங்கள் வரம்பு 246 முதல் 254 வரை. திட்ட விலக்கம், அதாவது எடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, 0.95 கிராம். ஆறு மடங்கு 5.7. வரம்பின் அகலமான எட்டை அதனால் வகுத்தால் சிபி 1.40. அதாவது இயந்திரத்தின் சிதறல் போதுமான அளவு குறுகலாகவே இருக்கிறது. சராசரிதான் 252இல் நிற்கிறது. மேல் வரம்புக்கு இன்னும் 2 கிராம்தான் இடைவெளி, அதைத் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கான 2.85ஆல் வகுத்தால் சிபிகே 0.70. பத்தாயிரம் பாக்கெட்டுக்கு 20 கிலோ தேயிலையை இலவசமாகக் கொடுக்கிறீர்கள்! சராசரி 250க்குக் கீழே இறங்கவும் கூடாது என்பதால் 250.2இல் நிறுத்துங்கள், சிபிகே 1.33 வந்துவிடும்.

ஆனால் ஒரே காலையில் எடுத்த ஐம்பது அளவுகளை நம்பாதீர்கள். கன அளவுக் கிண்ணம் வைத்து நிரப்புகிறீர்கள் என்றால், டஸ்ட் ரகத்திலிருந்து இலை ரகத்துக்கு மாறியதுமே எடை நகரும். குன்னூரில் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. மூடுபனி நாளில் திறந்து வைத்த தேயிலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து பாக்கெட் எடுத்து, ரகம் வாரியாகக் கட்டுப்பாட்டு வரைபடம் (எடை நேரத்தோடு நகர்கிறதா என்று காட்டும் படம்) போடுங்கள். அது நிலையாக இல்லாதவரை சிபிகே எண்ணுக்குப் பொருளே இல்லை.

தராசையும் சோதியுங்கள்: ஒரே பாக்கெட்டை இருவர் பத்துமுறை நிறுக்கட்டும்.