வாசகர் கேள்வி – பதில்: தன் பெயரில் முதல் கச்சேரிச் சுற்று

கேள்வி: அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் முதல் ஆல்பம் உலகம் முழுவதும் ஓடியது. அப்படியிருந்தும் முதல் கச்சேரிப் பயணத்தில் அவர் நடுத்தர அரங்குகளிலேயே பாடினார். ரசிகர்கள் பலருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கைக்கு வந்ததை நழுவவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?
– கல்லூரி மாணவி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: நழுவவிட்டதாக நான் கருதவில்லை. அந்த முதல் ஆல்பமான 'சவர்' வெளியான 2021 மே மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகக் கச்சேரி அரங்குகள் பல மூடிக் கிடந்தன. அதற்கு முன்பும் அவர் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துப் பெயர் பெற்றவரே தவிர, ஊர் ஊராகச் சென்று பாடிப் பழகியவர் அல்லர். 2022 ஏப்ரல் 3-ஆம் தேதி மூன்று கிராமி விருதுகளை வாங்கிய கையோடு, ஏப்ரல் 5-ஆம் தேதி போர்ட்லாந்து நகரில் பயணத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 19. புகழ் உச்சியில் இருந்தது. மேடைப் பழக்கமோ அப்போதுதான் தொடங்கியது. படிகளைத் தாண்டிக் குதிக்க விரும்பவில்லை என்ற பொருள்பட அவரே அந்நாளில் பேசியிருக்கிறார்.

இன்னொரு அமெரிக்கப் பாடகியான டெய்லர் ஸ்விஃப்ட் மட்டும் எப்படி நேராகப் பெரிய உள்ளரங்குகளுக்குப் போனார் என்று நீங்கள் கேட்கலாம். 2009 ஏப்ரல் 23-ஆம் தேதி இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் தன் பெயரிலான முதல் பயணத்தைத் தொடங்கியபோது அவருக்கும் வயது 19-தான். ஆனால் 2006 முதலே ராஸ்கல் ஃபிளாட்ஸ், ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், பிராட் பைஸ்லி ஆகியோரின் கச்சேரிகளில் அவர் முன்வரிசைப் பாடகியாக, அதாவது முதன்மைப் பாடகருக்கு முன்பாக மேடையேறிப் பாடுபவராக, நின்றவர். வேறொருவரைப் பார்ப்பதற்காக வந்து, இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டும் தின்பண்டம் வாங்கிக்கொண்டும் இருக்கும் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்ப அரை மணி நேரம் பாடுவதைவிடக் கடுமையான பயிற்சி ஒரு பாடகருக்கு வேறில்லை. அந்தப் பயிற்சியை ஸ்விஃப்ட் பிறர் மேடைகளில் முடித்துவிட்டு வந்தார். ரோட்ரிகோ தன் சொந்த மேடையில், ஆனால் அளவான மேடையில், அதை முடித்துக்கொண்டார்.

பலனையும் பாருங்கள். 2022-இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 6,000 பேர் அமரக்கூடிய ரேடியோ சிட்டி மண்டபத்தில் இரண்டு இரவுகள் பாடியவர், 2024-இல் அதே நகரில் அதைப்போல மூன்று மடங்கு பெரிய மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நான்கு இரவுகள் பாடினார். டிக்கெட் கிடைக்காதவர்களின் ஆதங்கம் நியாயமானதுதான். இடம் குறைவாக இருக்கும்போது கைமாற்றி விற்பவர்களுக்குக் கொண்டாட்டம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

கேள்வி: எங்கள் பகுதி மாரியம்மன் பண்டிகையில் மெல்லிசைக் குழுவினர் மூன்று மணி நேரம் சளைக்காமல் பாடுகிறார்கள். ரோட்ரிகோ போன்றவர்கள் ஒரே ஆல்பத்தை வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதை எப்படி நிரப்புகிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் தொடங்கிப் பேட்டைதோறும் மேடை ஏறும் நம் குழுக்களுக்குப் பல பத்தாண்டுத் திரைப்பாடல்கள் கையிருப்பாக உள்ளன, கூட்டம் சோர்ந்தால் ஒரு குத்துப்பாட்டு போதும். சொந்தப் பாடல்களை மட்டும் நம்பி வருபவருக்கு அந்த வசதி இல்லை. ரோட்ரிகோவின் 'சவர்' ஆல்பத்தில் 11 பாடல்கள். மொத்தம் 35 நிமிடங்கள்கூட ஆகாது. அவருடைய கச்சேரியும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தான் கேட்டு வளர்ந்த தலைமுறையின் பாடகியரில் ஒருவரான அவ்ரில் லவீனின் பழைய பாடலொன்றையும் இடையில் சேர்த்துக்கொண்டார்.

மேடைத் தரையில், பாடுபவருக்குத் தன் குரலைக் கேட்கச் செய்யும் மானிட்டர் ஒலிபெருக்கிப் பெட்டியின் ஓரமாக, பாடல் வரிசை எழுதிய தாள் ஒன்றை ஒட்டி வைத்திருப்பார்கள். அந்தத் தாளைத் தீர்மானிப்பதில்தான் ஒத்திகையின் பெரும்பகுதி கழிகிறது. உரக்கப் பாடும் இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவது பாடலில் மூச்சு வாங்கும். பியானோவில் அமர்ந்து பாடுவதை இடையில் வைத்தால் தொண்டைக்கு ஓய்வு, வாத்தியக்காரர்கள் கிட்டார் மாற்றிக்கொள்ள அவகாசம், கூட்டத்துக்கும் சற்று ஆசுவாசம். காசு கொடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரம் குறைவு என்பார்கள். இழுத்து நீட்டிய இரண்டு மணி நேரத்தைவிட அதுவே மேல் என்பது என் கட்சி.

கேள்வி: முன்வரிசையில் பாடுபவர்களை யாராவது நினைவில் வைத்துக்கொள்கிறார்களா?
– வாசகர், ஓமலூர்

பதில்: ரோட்ரிகோவின் முதல் பயணத்தில் ஒரே ஓர் இரவு, சான் பிரான்சிஸ்கோவில், அவருக்கு முன்பாகப் பாடியவர் சாப்பல் ரோன். 2025-இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி அவருக்குத்தான் கிடைத்தது.

கேள்வி: ஆங்கிலேயப் பாடகர் எட் ஷீரன் ஷில்லாங் மலைக்குப் போய்ப் பாடியிருக்கிறார். ஏற்காடு என்ன பாவம் செய்தது?
– காப்பித் தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பதில்: பாவம் எதுவும் இல்லை, 20 கொண்டை ஊசி வளைவுகள்தான் இருக்கின்றன. ஒலிபெருக்கி அடுக்குகள், விளக்குச் சட்டங்கள், எல்இடி திரைகள், ஜெனரேட்டர் என வரிசையாக வரும் நீண்ட கன்டெய்னர் லாரிகள் அந்த வளைவுகளில் திரும்புவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஷில்லாங் ஒரு மாநிலத்தின் தலைநகர், விளையாட்டரங்கமும் இருக்கிறது. மேலும் 2025 பிப்ரவரி 5-இல் சென்னையிலும் 8, 9 தேதிகளில் பெங்களூருவிலும் அவர் பாடினார். சேலத்து ரசிகர்கள் எப்படியும் ரயிலேறி வந்துவிடுவார்கள் என்று அமைப்பாளர்கள் கணக்குப் போட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

கேள்வி: நாங்கள் பொறியியல் கல்லூரி மாணவர்கள். எங்கள் இசைக்குழுவிடம் ஆறு சொந்தப் பாடல்கள் இருக்கின்றன. நேரு கலையரங்கத்தை எடுத்து, டிக்கெட் போட்டு, சேலம், ஈரோடு, நாமக்கல் என ஒரு சுற்று வரலாமா?
– சூரமங்கலம், சேலம்

பதில்: ஆறு பாடல்கள் என்றால் அரை மணி நேரச் சரக்கு. அது முன்வரிசைக் குழுவுக்கு உரிய அளவு. ஆகவே அந்த இடத்தையே முதலில் கேட்டு வாங்குங்கள். மற்றக் கல்லூரிகளின் கலைவிழா மேடைகளிலும், இசைவு தந்தால் உள்ளூர் மெல்லிசைக் குழுவின் கச்சேரிக்கு முன்பாகவும் பாடுங்கள். பத்துப் பன்னிரண்டு பாடல்கள் சேர்ந்து, உங்களுக்காகவே வரும் முகங்கள் சில கூட்டத்தில் தென்படத் தொடங்கிய பிறகு அரங்கத்துக்கு முன்பணம் கட்டலாம். திரைப்பாடல்களையும் இடையிடையே பாடுவதானால் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைத் தொகையை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமத்தை முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. எந்த சவுண்ட் சர்வீஸ்காரரை அமர்த்தினாலும், கதவு திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே சவுண்ட் செக் முடிய வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாடுபவருக்குத் தன் குரல் மானிட்டரில் கேட்கவில்லையென்றால் சுருதி விலகும், எத்தனை ஒத்திகை பார்த்திருந்தாலும்.