ஊசியைப் போட்டுக் கையைக் கழுவாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கட்டுக்கடங்காமல் கொந்தளிக்கும் நோயாளிக்குப் போடும் ஊசி பற்றியவை.

செவிலியர், தேனி: ஹாலோபெரிடால் (கொந்தளிப்பை அடக்கும் மனநோய் மருந்து) போட்டுப் பத்து நிமிடம் ஆகியும் அடங்கவில்லை. இன்னொன்று போடலாமா?

பத்து நிமிடத்தில் என்ன அடங்கும்? தசையில் போட்ட மருந்து வேலை காட்ட 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்ததும் போனால், இரண்டும் சேர்ந்து வேலை காட்டும் நேரத்தில் விழும் பிரஷரோடு நீங்கள்தான் போராட வேண்டும். பொறுங்கள். முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து நாடி, மூச்சு, பிரஷர் பாருங்கள்.

பயிற்சி மருத்துவர், திருச்சி: ஹாலோபெரிடாலோடு ப்ரோமெத்தசின் (ஒவ்வாமைக்குத் தரும், தூக்கமும் வரவைக்கும் மருந்து) அவசியமா? சீனியர் தனியாகவே போடச் சொல்கிறார்.

அவசியம். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி ஓயமாட்டேன் என்கிறது. ரியோ டி ஜெனிரோவில் முந்நூற்றுச் சொச்சம் பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஹாலோபெரிடால் மட்டும் போட்டவர்களில் பத்துப் பேருக்கு டிஸ்டோனியா, அதாவது தசை இழுத்துக்கொள்ளும் கோளாறு. ப்ரோமெத்தசினும் சேர்த்துப் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அதற்கு முன்பே, 2004-ல் வெளியான வேலூர் ஆய்வில் 200 பேரிடம் இதே ஜோடியை லோரசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தோடு ஒப்பிட்டார்கள். நாலு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய எல்லோரும் அமைதி; ஜோடி மருந்து போட்டவர்களில் தூங்கியவர்கள் அதிகம். உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு வேலூரில் நடந்திருக்கிறது, திருச்சிக்கு இன்னும் வந்து சேரவில்லை!

தனியாகப் போட்டால் என்ன ஆகிறது தெரியுமா? மறுநாள் பையனுக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கண் மேலே செருகும், நாக்கு தடிக்கும். வீட்டார் சாமி வந்துவிட்டது என்று கோயிலுக்குத் தூக்குகிறார்கள். ஒரு ப்ரோமெத்தசின் ஊசியில் அரை மணியில் சரியாகிற விஷயம்தான். ஆனால் அந்தப் பையன் அப்புறம் மாத்திரையைக் கண்டாலே ஓடுவான். இளவயது ஆண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, நீங்கள் ஊசி போடுவதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். சீனியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ப்ரோமெத்தசினை ஆழமாகத் தசையில் போடுங்கள். ஐ.வி. (சிரையில்) போடப்போய்த் தமனிக்குள் இறங்கினால் விரல் அழுகும்.

மருந்தாளுநர், ஈரோடு: ஒலான்சபின் (இன்னொரு மனநோய் மருந்து) ஊசியோடு லோரசிபாம் ஊசியும் சேர்த்துக் கேட்கிறார்கள். தரலாமா?

கூடாது. ஒலான்சபினுக்குப் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மூச்சும் பிரஷரும் விழுந்துவிடும். எழுதிய டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

வாசகர், ஓசூர்: அண்ணன் கத்துகிறார், அடிக்க வருகிறார். எவ்வளவு போடலாம்?

வயது இல்லை, என்ன நோய் என்று இல்லை, குடிப்பாரா என்று இல்லை. கடிதத்தில் டோஸ் சொல்கிற டாக்டர் யாராவது இருந்தால் அவரிடமிருந்தும் தள்ளியிருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இல்லத்தரசி, கடலூர்: குடியை நிறுத்தி மூன்றாம் நாள். கை நடுங்குகிறது, உடம்பில் பூச்சி ஊர்கிறது என்கிறார். கம்பவுண்டர் தூக்க ஊசி போடுகிறேன் என்கிறார்.

வேண்டாம் அம்மா. குடியை நிறுத்தியதால் வரும் ஜன்னி அது, உயிருக்கே ஆபத்து. ஹாலோபெரிடால் மட்டும் போட்டால் வலிப்புக்கு வழிவிட்டது போல் ஆகும். முதலில் தேவை லோரசிபாம் வகை மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும். இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போனதும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இறங்கினாலும் மனிதர் இப்படித்தான் ஆடுவார்.

மருத்துவர், சிவகங்கை: கையிருப்பில் ஹாலோபெரிடால் டெக்கனோயேட் (வாரக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும் ஊசி) மட்டும் இருக்கிறது. அவசரத்துக்குப் போடலாமா?

லேபிளைப் படித்தீர்களா? எண்ணெயில் கரைத்த மருந்து, உச்சத்துக்கு வர ஆறேழு நாள் ஆகும். அடுத்த வாரத்து அவசரத்துக்கா போடுகிறீர்கள்?

வாசகர், மதுரை: பார்கின்சன் (நடுக்கவாத நோய்) உள்ள 78 வயது தாத்தா நேற்றிலிருந்து உளறுகிறார், எழுந்து ஓடுகிறார். ஊசி போடலாமா?

ஹாலோபெரிடால் கூடவே கூடாது, உடம்பு கட்டையாகிவிடும். திடீரென்று வந்த உளறலுக்கு உடம்பில் காரணம் இருக்கும். சிறுநீர் போகிறாரா, காய்ச்சல் உண்டா, புது மாத்திரை ஏதாவது சேர்த்தார்களா? சர்க்கரையையும் பாருங்கள்.

சமூகப் பணியாளர், விழுப்புரம்: நோயாளி சம்மதிக்காவிட்டால்?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிருக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து என்றால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம், 72 மணி நேரம் வரை. நியமனப் பிரதிநிதி (நோயாளியின் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர்) அருகில் இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். ஆள் பற்றாக்குறைக்காகக் கட்டிப்போடுவதை அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் குப்புறப் போட்டு முதுகில் ஏறி உட்காராதீர்கள், மூச்சு நின்றுவிடும்.